இரு சட்டகங்களுக்கு இடையில்

பள்ளிக் கலைநிகழ்ச்சியின்போது மேடையின் பின்புறம் இருக்கும் பெரிய திரையைக் கவனித்திருப்பீர்கள். பாடல் தொடங்கியதும் அத்திரையில் வண்ணங்கள் அலையலையாக நகரும். கோடுகள் பிரிந்து கூடும். புள்ளிகள் தாளத்திற்கேற்பத் துள்ளும். அங்கே மனிதர் இல்லை, மரம் இல்லை, கதையும் இல்லை. ஆயினும், நம் கண்கள் அதைவிட்டு அகல்வதில்லை. இவ்வாறு எந்தப் பொருளையும் குறிக்காத வடிவங்களை அருவ வடிவங்கள் என்பர். அசைவு வரைகலை மென்பொருளைப் பயன்படுத்தத் தெரிந்த மாணவர் ஒருவர், இன்று இத்தகைய பின்னணியைச் சில மணி நேரத்தில் உருவாக்கிவிடலாம். ஆனால், மென்பொருள் என்னும் சொல்லே இல்லாத காலத்தில், படப்பிடிப்புக் கருவிகூட இல்லாமல், தூரிகையையும் பேனாவையும் கத்திமுனையையும் கொண்டு ஒருவர் இதைச் செய்து காட்டினார். அவர்தாம் நோர்மன் மெக்லாரன்.

மெக்லாரன் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் தொழிலை நடத்தி வந்தார். சிறு வயது முதலே வண்ணங்களோடு பழகிய மெக்லாரன், 1932ஆம் ஆண்டு கிளாஸ்கோ கலைக் கல்லூரியில் உள்ளலங்காரக் கலை பயிலச் சேர்ந்தார். ஆனால், அவருடைய மனமோ வேறொன்றை நாடியது. இசையைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய மனக்கண்ணில் கோடுகளும் வடிவங்களும் ஆடத் தொடங்கின. அவற்றை எவ்வாறு பிறருக்குக் காட்டுவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அக்காலக்கட்டத்தில் ஒரு குறும்படத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அது ஜெர்மானியக் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கர் உருவாக்கிய படம். பிராம்ஸ் என்னும் இசையமைப்பாளரின் நடன இசைக்கேற்பக் கறுப்புத் திரையில் வெண்ணிற வடிவங்கள் வளைந்தும் நெளிந்தும் பாய்ந்தன. தம் மனத்தில் மட்டுமே இருந்த ஒன்றை வேறொருவர் திரையில் காட்டிவிட்டார் என்பதைக் கண்டு மெக்லாரன் வியந்தார். தாமும் அத்தகைய படத்தை உருவாக்கியே தீர வேண்டும் என்ற உறுதி அவருக்குள் பிறந்தது.

ஆனால், படமெடுக்க அவரிடம் கருவி இல்லை. அதை வாங்கப் பணமும் இல்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர். மெக்லாரனுக்குக் கிடைத்த புல், யாருக்கும் தேவைப்படாத ஒரு பழைய படச்சுருள். திரையரங்கில் ஓடித் தேய்ந்துபோன அச்சுருளின் மேல் இருந்த படலத்தை அவர் முழுமையாகக் கழுவி நீக்கினார். எஞ்சியது கண்ணாடி போன்ற வெற்று நாடா. அந்நாடாவின் மீது வண்ண மைகளைக் கொண்டு நேரடியாகத் தீட்டினார். பிறகு, அதைத் திரையிடும் கருவியில் பொருத்தி ஓடவிட்டார். சுவரில் வண்ணங்கள் துள்ளிக் குதித்தன. படப்பிடிப்புக் கருவி இல்லாமலேயே ஒரு திரைப்படம் பிறந்துவிட்டது!

அவர் செய்தது எத்துணை நுணுக்கமான வேலை என்பதை உணர, திரைப்படம் இயங்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும். படச்சுருள் என்பது அடுத்தடுத்து அமைந்த சிறுசிறு சட்டகங்களின் வரிசையாகும். ஒவ்வொரு சட்டகத்திலும் அசையாத ஒரு படமே இருக்கும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும்போது, நம் மூளை அவற்றை இணைத்து அசைவாகக் காண்கிறது. ஆகவே, ஒரு நிமிடப் படத்திற்கு 1,440 சட்டகங்கள் தேவை. அச்சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர் மட்டுமே. ஒவ்வொரு சட்டகமும் ஏறக்குறைய ஓர் அஞ்சல்தலையின் அளவுதான் இருக்கும். அந்தச் சிறிய இடத்தில் கை சற்றே நடுங்கினாலும், பெரிய திரையில் வடிவம் தாறுமாறாகக் குதிக்கும்.

படச்சுருளின் மேல் நேரடியாக வரைந்தவர் மெக்லாரன் மட்டுமல்லர். நியூசிலாந்தில் பிறந்த லென் லை என்னும் கலைஞரும் 1935ஆம் ஆண்டு அவ்வாறே ஒரு வண்ணப்படத்தை வெளியிட்டார். அதைப் பார்த்த மெக்லாரன், தமக்குப் போட்டியாளர் ஒருவர் தோன்றிவிட்டார் என்று எண்ணிச் சோர்ந்துவிடவில்லை. மாறாக, தாம் செல்லும் வழி சரியானதே என்ற ஊக்கத்தைப் பெற்றார்.

மெக்லாரன் கல்லூரி நாளில் எடுத்த படங்கள் ஜான் கிரியர்சன் என்னும் திரைப்பட அறிஞரின் கவனத்தை ஈர்த்தன. அவருடைய அழைப்பை ஏற்று, 1936ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவில் மெக்லாரன் பணியில் சேர்ந்தார். அதே ஆண்டில், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயின் நாட்டிற்கு ஓர் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளராகச் சென்றார். அங்கே குண்டுவீச்சில் இடிந்த வீடுகளையும் உயிரிழந்த பொதுமக்களையும் நேரில் கண்டார். அக்காட்சிகள் அவருடைய நெஞ்சில் ஆறாத வடுவாகப் பதிந்தன. இசைக்கேற்ப ஆடும் புள்ளிகளை வரைந்து மகிழ்ந்த இளைஞர், அன்று முதல் போரை அடியோடு வெறுத்தார்.

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது. மெக்லாரன் கடல் கடந்து அமெரிக்காவின் நியூயார்க் நகரை அடைந்தார். கையில் போதிய பணமின்றி வாழ்ந்த அந்நாளில் அவர் மற்றொரு புதுமையையும் கையாண்டார். படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கென ஒரு குறுகிய பாதை உண்டு. அப்பாதையில் பதிந்திருக்கும் கோடுகளையே கருவி ஒலியாக மாற்றுகிறது. அப்படியானால், அக்கோடுகளைக் கையால் வரைந்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். நெருக்கமாக வரைந்த கோடுகள் உயர்ந்த சுரத்தைத் தந்தன. இடைவெளிவிட்டு வரைந்த கோடுகள் தாழ்ந்த சுரத்தைத் தந்தன. தடித்த கோடுகள் உரக்க ஒலித்தன. மெல்லிய கோடுகள் மெதுவாக ஒலித்தன. வாத்தியமோ பாடகரோ இல்லாமல், பேனா முனையிலிருந்தே இசை பிறந்தது. 1940ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய ‘டாட்ஸ்’, ‘லூப்ஸ்’ ஆகிய குறும்படங்களில் படமும் ஒலியும் முழுக்க முழுக்கக் கையால் வரையப்பட்டவையே.

1941ஆம் ஆண்டு கிரியர்சன் மீண்டும் அழைத்தார். இம்முறை அழைப்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கே அவர் தேசியத் திரைப்படக் கழகத்தை வழிநடத்தி வந்தார். போர்க்காலம் என்பதால் அரசின் அறிவிப்புகளை மக்களிடம் கொண்டு சேர்க்கும் படங்கள் தேவைப்பட்டன. அஞ்சலை முன்கூட்டியே அனுப்புதல், சேமிப்புப் பத்திரம் வாங்குதல், விலைவாசியைக் கட்டுப்படுத்துதல் போன்ற செய்திகளைத் துள்ளும் கோடுகளையும் ஆடும் எழுத்துகளையும் கொண்டு மெக்லாரன் மக்களுக்கு எடுத்துரைத்தார். சில ஆண்டுகளில், இளம் ஓவியர்களைத் தேடிச் சேர்த்து, அக்கழகத்தின் அசைவூட்டப் பிரிவை உருவாக்கும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அவர் பெரும்பாலும் அங்கேயே கழித்தார்.

அவ்வாறு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் ஈவ்லின் லாம்பார்ட். இளமையிலேயே செவித்திறன் குறைந்தவர் அவர். ஆயினும், இசையை ஓவியமாக மாற்றும் பணியில் மெக்லாரனுக்கு வலக்கரமாக விளங்கினார். இருவரும் இணைந்து 1949ஆம் ஆண்டு உருவாக்கிய ‘பிகான் டல் கேர்’ என்னும் படம் அருவ அசைவூட்டக் கலையின் மைல்கல்லாகப் போற்றப்படுகிறது. மொண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் என்னும் இளம் பியானோ கலைஞரின் ஜாஸ் இசையே அப்படத்தின் உயிர்நாடி. இசை முதலில் பதிவு செய்யப்பட்டது. பின்னர், இசையின் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சட்டகங்கள் என்று அளந்து, அவ்வளவு நீளமுள்ள படச்சுருளை இருவரும் மேசைமீது விரித்தனர்.

மெக்லாரன் இப்படத்தில் பல இடங்களில் சட்டகங்களின் எல்லைக் கோடுகளையே பொருட்படுத்தவில்லை. சுருளின் நீளவாக்கில் தூரிகையால் சாயத்தை இழுத்தார். ஈரமான சாயத்தின்மேல் வலைத்துணியை அழுத்தி அதன் பின்னலைப் பதித்தார். தூசியும்கூடச் சாயத்தில் விழுந்து விந்தையான வடிவங்களை உண்டாக்கியது. வேறு யாராக இருந்தாலும் படம் கெட்டுவிட்டது என்று அச்சுருளைக் குப்பையில் எறிந்திருப்பர். அவர்களோ அந்தத் தூசியையும் கலையாக்கினர். வேகமான இசைக்கு வண்ணங்கள் கொட்டின. இசை மெல்ல ஒலித்தபோது, கறுப்புத் திரையில் மெல்லிய வெண்கோடுகள் மட்டும் தனித்து ஆடின. ஏறக்குறைய எட்டு நிமிடங்களே ஓடும் அப்படத்தில் கதை என்று எதுவும் இல்லை. ஆயினும், பார்ப்பவர் மனத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது.

அதே ஆண்டு மெக்லாரனின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. யுனெஸ்கோ நிறுவனம் அவரைச் சீனாவிற்கு அனுப்பியது. அங்குள்ள சிற்றூர் மக்களுக்குத் தூய்மையையும் நோய்த்தடுப்பையும் படங்களின்வழி விளக்க வேண்டும். அப்படங்களை எளிய முறையில் உருவாக்க உள்ளூர் ஓவியர்களுக்கு அவர் கற்றுத்தர வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத இடத்தில் படம் எடுக்கக் கற்பிப்பதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் அங்கிருந்தபோதே சீனாவில் ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது. அவர் கனடா திரும்பியபின் கொரியப் போர் வெடித்தது. அவருக்குத் தெரிந்த கலையோ கோடும் புள்ளியும் வண்ணமும். உலகம் தீப்பற்றி எரியும்போது இவற்றால் என்ன பயன் என்னும் கேள்வி எந்தக் கலைஞரின் மனத்திலும் எழக்கூடியதே.

அக்கேள்விக்கு மெக்லாரன் தம் கலையாலேயே விடையளித்தார். 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘நேபர்ஸ்’ என்னும் எட்டு நிமிடப் படமே அது. அண்டை வீட்டார் இருவர் நட்போடு வாழ்கின்றனர். அவர்களுடைய நிலங்களின் எல்லையில் ஒரு பூ மலர்கிறது. பூ யாருக்கு என்பதில் சிறு பூசலாகத் தொடங்கியது, பெரும் சண்டையாகி, இருவருடைய உயிரையும் பறிக்கிறது. இறுதியில் அவர்களுடைய கல்லறைகளின்மீது பூக்கள் மலர்கின்றன. இப்படத்தில் மெக்லாரன் உண்மையான நடிகர்களையே கோடுகளையும் புள்ளிகளையும் போலக் கையாண்டார். ஒவ்வொரு சட்டகத்திற்கும் நடிகர் சிறிது இடம் மாறி நிற்க, அசையாத படங்களாக எடுத்து இணைத்தார். அதனால் நடிகர்கள் நடக்காமலேயே தரையில் வழுக்கிச் செல்வதுபோலத் தோன்றினர். அப்படம் ஆஸ்கார் விருதை வென்றது. 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. கோடுகளோடு விளையாடிக் கற்ற நுட்பமே போருக்கு எதிரான குரலாகவும் ஒலித்தது.

1953ஆம் ஆண்டு, யுனெஸ்கோவின் பணிக்காக மெக்லாரன் இந்தியாவிற்கும் சென்றார். சில ஆண்டுகளுக்குப்பின், ஒரு மனிதருக்கும் ஒரு நாற்காலிக்கும் இடையே நடக்கும் பிணக்கைக் காட்டும் ‘எ சேரி டேல்’ என்னும் அவருடைய படத்திற்குச் சித்தார் மேதை ரவிசங்கர் இசை வழங்கினார்.

நடிகர்களைக் கொண்டு படமெடுத்தபோதும் மெக்லாரன் அருவ வடிவங்களை மறந்துவிடவில்லை. 1955ஆம் ஆண்டு ‘பிளிங்கிட்டி பிளாங்க்’ என்னும் படத்தில் துணிச்சலான ஒரு சோதனையைச் செய்தார். முழுவதும் கறுப்பான படச்சுருளில் கத்திமுனையால் கீறி வடிவங்களைச் செதுக்கினார். பெரும்பாலான சட்டகங்களை வெறும் இருளாகவே விட்டுவிட்டார். மின்னல்போல் ஒரு வடிவம் தோன்றும், மறையும், சற்று நேரம் இருள், மீண்டும் வேறொரு வடிவம். இடையில் இல்லாததை எல்லாம் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொண்டது. கான் திரைப்பட விழாவில் குறும்படத்திற்கான தங்கப்பனை விருது அப்படத்திற்குக் கிடைத்தது.

அதன்பின் அவர் மேலும் எளிமையை நாடினார். 1960ஆம் ஆண்டு, லாம்பார்ட்டுடன் இணைந்து, செங்குத்தான கோடுகளை மட்டுமே கொண்டு ஒரு படத்தை உருவாக்கினார். மெல்ல நிறம் மாறும் பின்னணியில் ஒரு கோடு நகர்கிறது, அது இரண்டாகிறது, பலவாகப் பெருகுகிறது, மீண்டும் ஒன்றாகிறது. 1962ஆம் ஆண்டு அதே படத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடைக்கோடுகளின் படமாக்கினார். 1965ஆம் ஆண்டு, அவ்விரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை மட்டும் திரையில் தோன்றச் செய்தார். அதுவே ‘மொசைக்’. இன்று மென்பொருளில் ஓர் அசைவை நகலெடுத்து, திருப்பி, அடுக்குகளாக வைத்துப் புதிய பின்னணியை உருவாக்குகிறோம் அல்லவா? அதே சிந்தனை அப்போதே அவருடைய மேசையில் இருந்தது. 1971ஆம் ஆண்டு வெளியான ‘சின்குரோமி’ என்னும் படத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இசையை உண்டாக்கும் ஒலிப்பாதையின் கோடுகளையே வண்ணம் தீட்டித் திரையில் காட்டினார். காதால் கேட்பதையே கண்ணாலும் காணும் விந்தை அது.

இத்தனை படங்களின்வழி மெக்லாரன் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. அசைவூட்டம் என்பது ஓவியங்களை அசைய வைக்கும் கலையன்று. அசைவையே வரையும் கலை என்று அவர் கருதினார். ஒரு சட்டகத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஒரு சட்டகத்திற்கும் அடுத்த சட்டகத்திற்கும் இடையில் என்ன நிகழ்கிறது என்பதே முதன்மையானது என்பது அவருடைய கொள்கை. ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரே அளவு இடம்பெயர்ந்தால் இயந்திரம்போல் நகரும். இடைவெளி சிறிது சிறிதாகக் கூடினால் விரைந்து பாயும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் களைத்து நிற்பதுபோல் தோன்றும். புள்ளி ஒன்றுதான், உணர்ச்சியோ மூன்று. வரைவதற்கு எளிதாக, அப்போதுதான் வரைந்து முடித்த சட்டகத்தின் உருவம் அடுத்த வெற்றுச் சட்டகத்தின்மீது மங்கலாகத் தெரியும்படி ஒரு மேசையையும் அவர் அமைத்துக்கொண்டார். முந்தைய சட்டகத்தை மங்கலாகக் காட்டும் வசதி இன்றைய அசைவூட்ட மென்பொருள்களிலும் உண்டு.

மெக்லாரன் தம் நுட்பங்களை மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. தம் படங்களை எவ்வாறு செய்தார் என்பதைத் தொழில்நுட்பக் குறிப்புகளாக எழுதி, பிறரும் அறியச் செய்தார். முதுமையை நெருங்கிய வேளையிலும், 1976ஆம் ஆண்டு முதல் 1978ஆம் ஆண்டு வரை, தம் நண்பர் கிராண்ட் மன்ரோவுடன் இணைந்து, அசைவின் இலக்கணத்தைக் கற்பிக்கும் ஐந்து பாடப்படங்களை உருவாக்கினார். சீரான வேகம், கூடும் வேகம், குறையும் வேகம், அசையா நிலை, ஒழுங்கற்ற அசைவு ஆகியவற்றை ஒரு சாதாரண வட்டத்தைக் கொண்டே அவர் விளக்கினார்.

1987ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், தமது 72ஆம் வயதில், மெக்லாரன் மொண்ட்ரியல் நகரில் காலமானார்.

இன்று அசைவு வரைகலை மென்பொருளில் ஒரு புள்ளியின் தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் நாம் குறித்துவிட்டால் போதும். இடைப்பட்ட சட்டகங்களைக் கணினியே நிரப்பிவிடும். ஆனால், அப்புள்ளி தயங்கிச் செல்ல வேண்டுமா, துள்ளிச் செல்ல வேண்டுமா என்பதைக் கணினி அறியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் படைப்பவரே. அடுத்த முறை மேடைத் திரையில் வண்ணங்கள் நகரும்போது, அவ்வசைவை உற்று நோக்குங்கள். எந்த இடத்தில் அது விரைகிறது, எந்த இடத்தில் அது நிற்கிறது என்று பாருங்கள். பழைய படச்சுருளைக் கழுவி எடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டிய அந்த மாணவர், தம் வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.